நோ எடுக்கிற கை

"கண்ணைக் கட்டினால்தான் நோ எடுக்கலாமெண்டு எந்தச் சாத்திரத்திலை கிடக்கு?"

அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் தியாகராசா சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே மனைவியைக் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? மாமிக்குச் சுகமாயிருக்கு. விடுங்கோவன்" என்றாள் தேவமலர், அவன் முகத்தைப் பாராமல்.

அவன் தாய் பராசக்தி வருசக்கணக்காக இடுப்பு நோவால் குனிந்தே நடந்தவள். எண்ணெய், ஒத்தடம், வெள்ளைக்கார டொக்டரின் மருந்து எதற்கும் கேட்கவில்லை.

இப்போது கொழும்புத்துறையிலிருந்து செல்வநாயகி என்றொரு மனுசி செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். நோவுள்ள இடத்தில் வெறுங்கையை வைத்தபடி இருப்பாளாம். மருந்தில்லை, மந்திரமில்லை. தாயின் கண்ணைத் துணியால் கட்டவேண்டும், அறைக் கதவைச் சாத்தவேண்டும். காசு நீட்டினால் வாங்கவே மாட்டாள்.

தியாகராசாவுக்கு அதுதான் உதைத்தது. சும்மா யாராவது இவ்வளவு தூரம் வண்டில் பிடித்து வருவார்களா? தாயின் நகைப்பெட்டி அந்த அறையில்தான் இருக்கிறது.

போன செவ்வாய் காய்ச்சலென்று வீட்டில் நின்றபோது இன்னொன்றையும் கவனித்தான். செல்வநாயகி உள்ளே போனதும் தேவமலரைக் காணவில்லை. பிறகு கேட்டதற்கு, "கிணத்தடியிலை நிண்டன்" என்றாள்.

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்து வந்தவனே அவன்தான்!

தேவமலர் உடுவில் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவப் பெண். அவன் விரும்பிக் கட்டியவள். "வேதக்காரியின்ரை கை என்ரை மேலிலை படப்படாது" என்று பராசக்தி முதல் நாளே சொல்லிவிட்டாள். மருமகள் தரும் தண்ணீரையும் குடிக்கமாட்டாள். அந்தக் கோபத்தில் இவளும் அந்த மனுசியும் சேர்ந்து ஏதும் செய்கிறார்களோ? செல்வநாயகியை விசாரித்துக் கூட்டிவந்தவளும் இவள்தானே!

வெள்ளிக்கிழமை கச்சேரிக்கென்று புறப்பட்டவன் பாதி வழியில் திரும்பினான். வீட்டின் பின்புறக் கோடிப்பக்கமாக வந்து அறை யன்னலின் நீக்கலில் கண்ணை வைத்தான்.

தாய் கண்கட்டோடு குப்புறப் படுத்திருந்தாள். செல்வநாயகி மூலையில் சும்மா குந்தியிருந்தாள்.

தாயின் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்தபடி, மூச்சுவிடவும் பயந்தவளாக முழங்காலில் நின்றவள் தேவமலர்!

"உந்த இடந்தான் நாயகி... இன்னுங் கொஞ்சம் வைச்சிரு" என்றாள் தாய்.

செல்வநாயகி ஓடிவந்து குனிந்து, "ஓமக்கா, வைச்சிருக்கிறன்" என்றாள்.

அவள் புறப்பட்டபோது படலையடியில் தியாகராசா மறித்தான். "உதென்ன கூத்து?"

"கத்தாதை தம்பி. மாமி படுகிற பாட்டைப் பாக்கேலாது, தொடவும் விடுகிறாவில்லை எண்டு உன்ரை பெண்சாதி வந்து அழுதாள். நான் பழக்கிவிட்டன். அவளின்ரை கை நல்ல கை. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

தியாகராசா குன்றிப்போனான். இவளையா சந்தேகப்பட்டேன்! அடுத்த கணமே கோபம் தாய்மேல் திரும்பியது. விறுவிறென்று உள்ளே போனான்.

பராசக்தி முதுகு நிமிர்ந்து கட்டிலில் இருந்தாள்.

"அம்மா, உங்கடை இடுப்பிலை கை வைக்கிறது ஆரெண்டு தெரியுமோ? இண்டைக்கு நான் சொல்லத்தான் போறன்..."

"வாயை மூடு தம்பி!"

பராசக்தி குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ சொன்னால், பிறகு நான் வேண்டாமெண்டு சொல்லவேண்டி வருமெல்லே?"