கொடுவாவுக்குப் பெருங்காய ரசம்

வேதாரண்யத்தில் வேதரத்தினம் பண்ணையின் கொடுவா மீன்கள் சுத்த சைவம். சைவக் கல்யாணப் பந்திகளுக்குப் போகிறவை. சிறுமீன் தின்னும் சாதி, தலைமுறை தலைமுறையாகச் சோயா தின்று, குடல் வீங்கி, துறவிகளைப் போலக் குளத்தடியில் கிடக்கும். மீன் டாக்டர் தினமும் பெருங்காய ரசம் ஊற்றச் சொல்லியிருந்தார். அதை வைக்கத்தான் மங்கையர்க்கரசிக்குச் சம்பளம்.

ஒருநாள் பண்ணைக் கரண்டி உடைந்துபோக, அவர் தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக் கரண்டியால் ரசத்தைக் கலக்கிவிட்டார். ஊற்றிய மறுநிமிடம் மீன்கள் ஆளுயரம் துள்ளின.

சைவ முத்திரை குத்த வந்த அதிகாரி குளத்தைப் பார்த்தார். முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"துள்ளுதே. அப்ப சைவம் கெட்டுப்போச்சு."

வேதரத்தினம் கெஞ்சினார். மீன்களுக்கு நாற்பத்தெட்டு நாள் வெறும் சோயா, சமைப்பவருக்கும் விரதம் என்று தீர்ப்பானது.

"அக்கா, வேலை வேணும்னா இனிமே வீட்டுலயும் கருவாடு கூடாது" என்றார் வேதரத்தினம்.

"மீன் பண்ணையில வேலை பாக்க மீன விடணுமா தம்பி? அந்த முத்திரையப் போட்டு நீயே ரசம் வச்சுக்க."

அவர் கரண்டியோடு கரையேறி நடந்தபோது, நாற்பது மீன்கள் துள்ளித் துள்ளிப் பின்னாலேயே போனதாக ஊரில் கதை கட்டுகிறார்கள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டுதான்.