ஆர்வக்கோளாறு

"ஐயையோ, அதைத் திறக்காதீங்க!"

அக்காவும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள். விடுதியின் சாப்பாட்டு அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குள் தங்கையின் கணவர், அதாவது நம்ம மாப்பிள்ளை, கேமராவின் பின்கதவைத் திறந்துவிட்டார். திறந்ததோடு விட்டாரா மனுஷர்? உள்ளே இருந்த பிலிமைப் பிடித்துச் சரசரவென்று முழுசாக உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"என்ன, ஒரு படத்தையும் காணோம்?"

"எப்படிங்க தெரியும்? கழுவாத பிலிம்ல வெளிச்சம் பட்டா எல்லாம் அழிஞ்சுடும்!" தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "மூணு நாளா பார்த்துப் பார்த்து எடுத்தது. எல்லாம் போச்சு!"

"எப்படி வந்திருக்குன்னு பார்க்க ஒரு ஆசை..."

"ஆசையா இது? ஆர்வக்கோளாறு!" என்றாள் அக்கா.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ ஒரு எரிச்சலில் தங்கை, "நீ கை வச்சா எதுதான் உருப்பட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அக்கா அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான். போன மாதம் யார் யாரோ பேசிப் பேசி ஒருவழியாகச் சமாதானமாகி, மூன்று பேருமாக இந்த மலைக்குச் சுற்றுலா வந்திருந்தார்கள்.

செல்போனைத் தொடக் கூடாது, பழைய பிலிம் கேமராவில்தான் படம் எடுக்க வேண்டும் என்பது தங்கையின் யோசனை. "என்ன விழுந்திருக்குன்னு தெரியாம காத்துக்கிட்டு இருக்கிறதுலதானேக்கா ருசியே இருக்கு!"

பிலிம் மாட்டியது அக்கா. காலேஜ் போட்டோ கிளப்பில் இருந்தவளாம், எல்லாம் அத்துப்படியாம். ஏரிக்கரை, மரப்பாலம், படகில் ஏறப் பயந்து அக்கா தூணைக் கட்டிக்கொண்டு நின்ற கோலம், எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள். எது நன்றாக வந்திருக்கும், எதில் யார் கண்ணை மூடியிருப்பார்கள் என்று மூன்று நாளும் அதே பேச்சு.

அதில்தான் மாப்பிள்ளை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. பச்சைக் குழந்தைகூட இப்படிப் பண்ணாது."

"நீதானேக்கா தங்கமான பையன்னு சொல்லி இவரை எனக்குக் கட்டி வச்சே?"

"அன்னிக்கு நான் கண்ணாடி போடலைடி."

அழுதுகொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா தன் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சும்மா நிக்காதீங்க. போய்ப் புது ரோல் வாங்கிட்டு வாங்க" என்றாள் தங்கை. தனியாக அனுப்பினால் இன்னும் என்ன செய்வாரோ என்று அக்காவும் தங்கையும் பின்னாலேயே கிளம்பினார்கள். வழி நெடுக அர்ச்சனைதான்.

கடைத்தெருவில் ஒரு போட்டோ கடை இருந்தது. பெண்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, மாப்பிள்ளை மட்டும் உள்ளே போனார்.

"புது ரோல் ஒண்ணு. நீங்களே நல்லா மாட்டிக் கொடுத்துடுங்க."

கடைக்காரர் வாசலைப் பார்த்துச் சிரித்தார். "வெளியில பேசறது காதுல விழுந்துச்சு. திறந்தா படம் போயிடும்னு தெரியாதா சார் உங்களுக்கு?"

"தெரியும்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா திறந்தீங்க? எதுக்கு?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அதுல படமே இல்லைங்க. நேத்து என்னை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ரோல்ல இருக்கிறதே முப்பத்தாறு. அதைத் தாண்டியும் நம்பர் அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. சந்தேகம் வந்து யாருக்கும் தெரியாம போன்ல தேடிப் பார்த்தேன். பிலிம் நகர்ந்தா மேல இருக்கிற இந்தக் குமிழும் கூடவே சுத்தணுமாமே? அசையவே இல்லை."

"அப்போ பிலிம் அதை இழுக்கிற சக்கரத்துப் பல்லுல மாட்டவே இல்லை. ஆரம்பத்துல இருந்தே ஒண்ணும் விழுந்திருக்காது."

"கழுவக் கொடுத்திருந்தா, இதையேதானே அவங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுச் சொல்லியிருப்பீங்க?"

"ஆமா. மாட்டினது யாருன்னும் கேட்டிருப்பேன்."

"அதுக்குத்தாங்க முந்திக்கிட்டேன்."

கடைக்காரர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பெஞ்சில் அக்காவின் தோளில் தங்கை சாய்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளை!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா. "கடையில இருக்கிற கேமராவை எல்லாம் திறந்து பார்த்துடாதீங்க!"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாவம் சார் நீங்க" என்றார் கடைக்காரர். "ஆயுசுக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே உங்களை ஒரு வழி பண்ணிடுவாங்களே!"

"பண்ணட்டுமே" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்றாங்க!"