இறாலும் சோளக்கஞ்சியும்

“நாக்குல ருசி திரும்பிடுச்சு ஓடெல். கடலோரமா சாப்பிட்டுக்கிட்டே ஒரு சுத்து போயிட்டு வரலாமா?”

போன வாரம் மனைவி வெர்னா இப்படிக் கேட்டபோது ஓடெல் அழுதேவிட்டார். அவளுடைய புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து பலித்துவிட்டதென்று அடுத்த ஊசிக்கும் நாள் குறித்தார்.

வழியில் சவானாவில் நண்டும் போஃபர்ட்டில் பொரித்த சிப்பியும் பிரமாதம் என்றாள். சார்ல்ஸ்டன் உணவகத்தில் இறாலும் சோளக்கஞ்சியும் வந்தன.

“எப்படி, உன் கைப்பக்குவம் வருமா?”

“சமையக்காரன் என்னையே தோற்கடிச்சிட்டான், கிழவா!”

ஓடெல் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். கஞ்சியில் உப்பே இல்லை. உப்புக் குறைந்ததென்று மாமியார் வைத்த கஞ்சியையே திருப்பித் தந்தவள் வெர்னா.

“எதுலயுமே ருசி தெரியலையா, வெர்னா?”

“நீயாவது நிம்மதியா நாலு வாய் சாப்பிடணும்னுதான் அப்படிச் சொன்னேன்.”

அவர் கையைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

“ஊசி போதும் ஓடெல். என்னை வீட்டுலயே வச்சுக்கோ.”