பாதி மூச்சு

"ஊதுங்க பெரியவரே! நெஞ்சு காலியாகிற வரைக்கும் ஊதுங்க. ஏன் பாதியிலேயே நிறுத்துறீங்க?"

டாக்டர் ரோகா கத்தினார். செவேரோ வாயிலிருந்து மூச்சளக்கும் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல ஓட்டை இருக்கு டாக்டரே. லா பாஸ் பட்டணத்துல இருந்து வர்ற சாமான் எதுதான் உருப்படி?"

சொல்லிவிட்டு இருமினான்.

இல்லிமானி மலையின் மேல்முகாம். கூடார வாசலில் கிழங்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பாசிலியாவின் கை நின்றது. காலமெல்லாம் ஆட்களைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு இழுத்துப்போன புருஷன். அவன் இருமி அவள் பார்த்ததில்லை.

உயரத்துக்குப் போனால் நல்ல நுரையீரலிலும் கொஞ்சம் நீர் கோத்து மூச்சு குறையுமாம். படித்தவர் கணக்கு, பொய்யோ மெய்யோ. அதைச் சோதிக்கத்தான் டாக்டர் ஒரு கூட்டத்தோடு வந்திருந்தார். ஏறும் முன் ஒரு ஊதல், இறங்கியபின் ஒரு ஊதல். தேறாதவன் ஏறக்கூடாது, வழிகாட்டியானாலும் சரி.

"குழல் ஊதுற ஆளாச்சேய்யா நீ! இது என்ன பெரிய காரியம்?" என்றாள் பாசிலியா.

"குழல்ல என் பங்கு பாதிதானேடி?"

அதுவும் உண்மைதான். அவர்கள் ஊர் நாணல் குழல்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். பாட்டின் பாதி சுரம் ஒன்றில், மீதி மற்றதில். இருவர் மாறி மாறி ஊதினால்தான் பாட்டு முழுசாகும். ஒற்றை ஆள் இரண்டையும் ஊதினால் இந்த உயரத்தில் கண் இருட்டிவிடும்.

மறுபடி ஊதினான். மறுபடியும் பாதி.

"உங்க நெஞ்சு சரியில்லை. நாளைக்கு நீங்க ஏறக்கூடாது."

"ஏறியே தீருவேன்! நான் இல்லாம யாரு கூட்டிட்டுப் போவா? இவளா? பாவாடையைக் கட்டிக்கிட்டுப் பனியில ஏறினா, அடிக்கிற காத்துல குடை மாதிரி பறந்துடுவா!"

பாசிலியாவுக்குச் சுர்ரென்றது. அவனோடு பலமுறை உச்சி தொட்டவள் அவள். ஒரே ஒரு தடவை வழிகாட்டியாகக் கயிற்றின் முன்னால் போக விடுங்கள் என்று மலையேற்றக் கம்பெனிக்காரனிடம் கேட்காத வருஷமில்லை. 'சமையல்காரி சமைக்கட்டும்' என்பான் அவன். இந்த மனுஷனும் அவளுக்காக வாய் திறந்ததில்லை.

கரண்டியை வைத்தாள். "குடுங்க அந்தக் குழாயை."

முழு மூச்சாக ஊதினாள். டாக்டரின் புருவம் உயர்ந்தது. வாக்கிடாக்கியை எடுத்தார். வேறு வழிகாட்டி வருவதற்குள் பனிக்காற்று கிளம்பிவிடும் என்று கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனிக்காரன் கரகரத்த குரலில், "தொலையட்டும், அவளே போகட்டும்" என்றான்.

செவேரோ தன் கயிற்றை அவள்மேல் விட்டெறிந்தான். "விழுந்து வைக்காதே."

"இறங்கி வந்ததும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? அவனுங்க கையால சாகவா?" மறுபடி இருமினான்.

விடியும் முன் எல்லோரும் கிளம்பினார்கள். முகாமில் செவேரோ மட்டும். பாசிலியா மலைக்குக் காணிக்கையாக மூன்று கோகா இலைகளை உச்சியை நோக்கி ஊதிவிட்டு, கயிற்றின் முன்னால் நடந்தாள்.

முதல் சரிவைத் தாண்டும்போது கீழிருந்து குழலோசை எழுந்தது. துள்ளலான கல்யாணப் பாட்டு. ஒரு சுரம் விடாமல், எங்கும் மூச்சு அறாமல் வந்தது.

பின்னால் வந்த டாக்டர் நின்றார். "அடடா, ரெண்டு பேரும் என்னமா வாசிக்கிறாங்க! பெரியவர்கூட யாரு?"

பாசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினாள்.

"கீழே இருக்கிறது ஒரே ஆளுதான் டாக்டரே. நடங்க."