நடுவில் ஒரு கறுப்புத் திட்டு

"இதுல கப்பல் எங்கப்பா இருக்கு? எனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல உனக்கா?"

கமாண்டர் ஹார்ட்நெல் ஈரம் காயாத படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வீசினார். எல்லாவற்றிலும் கடல் இருந்தது, வானம் இருந்தது. நடுவில், ரஷ்யக் கப்பல் இருக்கவேண்டிய இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு திட்டு. அதன் இரண்டு பக்கமும் கப்பலின் மூக்கும் வாலும் மட்டும் எட்டிப் பார்த்தன.

படம் பிடித்து வந்த விமானி லெப்டினென்ட் டிரெவின் மேஜைக்கு எதிரே நின்றான். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் கோழி முட்டைமேல் உட்காருவதுபோல் ஜெட்டை நின்றவாக்கில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டோடு நேரே இங்கே ஓடிவந்திருந்தான்.

கமாண்டருக்கு ஏற்கெனவே எரிச்சல். வடகடல் அன்று கப்பலைத் தொட்டில்போல் ஆட்டிக்கொண்டிருந்தது. புகைப்பட அறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் தடுமாறி, கறுப்புத் திரையில் சிக்கி, கடைசியில் புகைப்படப் பிரிவின் சீஃப் பாஸ்கோ முதுகில் கைகொடுத்து, "பார்த்து சார், படி இருக்கு" என்று தாங்கிப் பிடித்த பிறகுதான் உள்ளே வந்திருந்தார்.

"சீஃப், ஃபிலிம்ல கோளாறா?"

"இல்ல சார்."

"கழுவினதுல?"

"அதுலயும் இல்ல சார். கேமராவும் தங்கம்."

அப்படியானால் பழி யார் தலையில் விழும் என்பது டிரெவினுக்குப் புரிந்துபோயிற்று. கூட இருந்தே குழி பறிக்கிறாரே என்று சீஃபைப் பார்த்தான். சீஃப் சாவதானமாகக் கைதுடைத்துக் கொண்டிருந்தார்.

"தலைமையிடத்துக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? புதுக் கப்பலோட படம் கேட்டாங்க, நடுவுல ஓட்டை போட்டு அனுப்பியிருக்கோம், நீங்களே கற்பனை பண்ணிக்குங்கன்னா?"

"சார், ரொம்பக் கிட்டத்துல, நேராத்தான் பறந்தேன்..."

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். போன வாரம் என் ஹெலிகாப்டர் கதவுல உங்க குளவிப் படத்தை ஒட்டினீங்களே, அட்மிரல் வந்து இறங்கறப்போ. அந்த நேரத்துல கேமரா பிடிக்கக் கத்திருக்கலாம்ல?"

ஜெட்காரர்களின் சின்னம் குளவி. ஹெலிகாப்டர்காரர்களின் சின்னம் தவளை. ஒருவர் விமானத்தில் மற்றவர் சின்னத்தைத் திருட்டுத்தனமாக ஒட்டிவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பது அவர்களுக்குள் காலகாலமாக நடப்பது. பழைய ஹெலிகாப்டர்காரரான ஹார்ட்நெல், கப்பலின் விமானங்களுக்கெல்லாம் தலைவரானதும், குளவி விவகாரத்தோடு அதற்கு அடியோடு தடை போட்டுவிட்டார். இனி ஒட்டுகிறவன் ஊருக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

"நீ பறந்தது போதும். நாளைக்குக் கரைக்குப் போற ஹெலிகாப்டர்ல ஏறணும், மூட்டையைக் கட்டு."

டிரெவினின் முகம் வெளிறியது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் ஆசைப்பட்டது இந்த ஒரு வேலைக்குத்தான்.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு மாலுமி தேநீர் கொண்டுவந்தான். கமாண்டரின் பின்னால் வந்து நின்றவனுக்கு என்ன வந்ததோ, கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"என்ன இளிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். கப்பல் ஆடுது சார்."

"கப்பல் ஆடினா உனக்கு ஏன் பல்லு தெரியுது? வச்சுட்டுப் போ."

கமாண்டர் தலையில் அடித்துக்கொண்டு, கோப்பையை எடுக்கத் திரும்பினார். அதுவரை அழாக்குறையாக நின்ற டிரெவினுக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டால் வாயை மூடிக்கொண்டு இருமினான்.

"இப்ப உனக்கு என்ன கேடு? தொண்டை நோகக் கத்திக்கிட்டிருக்கேன், ஆளாளுக்கு இருமறதும் இளிக்கறதும். கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கப்பலுக்கு நேர் மேல பறந்தியா, இல்லையா?"

"மேல பறந்தா படம் விழாது சார். கப்பலை வலது பக்கம் வச்சுக்கிட்டுப் பறக்கணும்."

"எதுக்கு? கேமரா வயித்துலதானே இருக்கு?"

"இல்ல சார். மூக்குல. வலது பக்கம் பார்த்த மாதிரி."

கமாண்டர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மூக்குலயா?"

"வலது பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி சார், சாஸர் அளவு," என்றார் சீஃப் பவ்யமாக. "விடியறதுக்கு முன்ன, விமானக் கொட்டகை இருட்டுல பார்த்தா, சாதாரண மூடி மாதிரிதான் இருக்கும். ஹெலிகாப்டர் ஓட்டினவங்களுக்குத் தெரியறது கஷ்டம்."

கமாண்டர் படங்களை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தத் தடவை வீசவில்லை. பூப்போல அடுக்கி வைத்தார்.

"உப்பு," என்றார் கடைசியில்.

"சார்?"

"கடல்காத்து. கண்ணாடில உப்பு படிஞ்சிருக்கும். வேற என்ன இருக்க முடியும்?"

"உப்பேதான் சார். நான் அப்பவே உரிச்சு... துடைச்சு எடுத்துட்டேன்," என்றார் சீஃப்.

"அப்ப யாரு மேலயும் தப்பில்ல. டிரெவின், வெளிச்சம் இருக்கறப்பவே இன்னொரு நடை போய்ட்டு வந்துடு. இதைப் பத்தி இனிமே பேச்சு வேண்டாம்."

"மூட்டை கட்டச் சொன்னீங்களே சார்?"

"போப்பா, வேலையப் பாரு."

கமாண்டர் விறைப்பாக நிமிர்ந்து, திரையை விலக்கி, மாலுமிகள் வரிசைகட்டி நின்ற நடைவழியில் இறங்கிக் கம்பீரமாக நடந்தார். மகனின் சைக்கிளில் ஒட்ட வேண்டும் என்று சொல்லி அவர் சீஃபிடம் ரகசியமாக அச்சடித்து வாங்கிப்போன அந்த ஒரே ஒரு பச்சைத் தவளை, கேமராக் கண்ணாடியிலிருந்து உரித்ததில் ஒரு கால் மட்டும் கிழிந்து, அவருடைய முதுகின் நடுவே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.