இரண்டு விரல்கள்

கருவி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடுக்கில், பண்பலை நிலையத்தின் பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கார் ரேடியோத் திரைக்கு எழுத்து அனுப்பும் புதுப் பெட்டியைப் பக்கத்தில் தனிக் கிளையாகச் சேர்த்திருக்கலாம். அவசரத்தில் ஒலிபரப்புக் கேபிளையே அதன் வழியாக இழுத்துவிட்டாள். அந்தக் கேபிளின் பூட்டு உடைந்த செருகியை இப்போது அவளுடைய இரண்டு விரல்கள்தாம் பிடித்திருக்கின்றன; மறு கை பெட்டியைத் தாங்கியிருக்கிறது. விட்டால் ஊர் முழுக்க ரேடியோ ஊமையாகிவிடும். பெட்டியின் பச்சை விளக்கொளி அவள் மணிக்கட்டில் பட்டு மினுங்குகிறது. பையில் போன் நாலாவது தடவையாக அதிர்கிறது. பள்ளி வாசலில் மகள் காத்திருக்கிறாள். பாட்டைப் போட்டுவிட்டு அறிவிப்பாளன் தலையை நீட்டுகிறான். "அக்கா, நிகழ்ச்சி முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. விட்டுடாதீங்க!" "என் கை என்ன இரும்பாடா?" மூக்கு நுனியில் வியர்வை திரண்டு நிற்கிறது, துடைக்கக் கையில்லை. எதிரே சின்ன ரேடியோவின் திரையில், காலையில் அவளே சோதனைக்காகத் தட்டிய வரி நிதானமாக ஊர்ந்து போகிறது: எல்லாம் சரியாக இருக்கிறது.