நீலம் படத்தில் விழாது

சோதனைக்கூடத்தின் எரிகலத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், மரத்தூளிலிருந்து வடித்த எண்ணெய் நீலமாக எரிகிறது. பொட்டுப் புகைகூட இல்லை. இந்த நீலத்துக்காகத்தான் ஆராய்ச்சிக்காரி இத்தனை நாள் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறாள். பக்கத்தில் இயக்குநர், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில், பெண் பார்க்க வந்தவர் போல விறைத்து நிற்கிறார். பத்திரிகைப் புகைப்படக்காரர் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கிறார். “சார், எதுவுமே எரியாத மாதிரி இருக்கு.” இயக்குநரின் முகம் சுருங்குகிறது. “என்னம்மா இது, அழுது வடியுது? நல்லா மஞ்சளா எரிய விடு.” “காத்தைக் குறைச்சாதான் மஞ்சளா வரும் சார். மஞ்சள்னா அதுல கரி இருக்குன்னு அர்த்தம்.” “கரி படத்துல தெரியவா போகுது? குறைம்மா.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காற்று வால்வைத் திருகுகிறாள். சுடர் கொழுத்து, மஞ்சளாகத் தலைவிரித்து ஆடுகிறது. “ஆங், இதுதான் நெருப்பு!” என்று இயக்குநர் தானே பெற்றெடுத்தது போல மோவாயைத் தூக்குகிறார். ஃபிளாஷ் மின்னுகிறது. கண்ணாடி ஓரத்திலிருந்து கருமை ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வந்து, சுடரை முழுசாக மூடிவிடுகிறது. “சார், இப்பவும் எதுவும் தெரியலை.” இயக்குநர் கைக்குட்டையை உருவி அவளிடம் நீட்டுகிறார். “சீக்கிரம் துடைம்மா. நம்ம எண்ணெய்ல கரியே வராதுன்னு படத்துக்குக் கீழ போடப் போறாங்க.”